பாறைக்குத் தடை வேண்டாம், கயிறு கொடுங்கள்

ஜலகாம்பாறையில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால், திருப்பத்தூரில் கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடும். "பசங்க பாறை மேல ஏறி செல்ஃபி எடுக்கிறானுங்க சார். ஒருநாள் விழுந்து தொலையப் போறானுங்க. ஏலகிரி, ஜவ்வாது மலை, எல்லா இடத்துலயும் பாறை ஏறுறதையே தடை பண்ணணும்." இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், என்னைப் போலப் பென்ஷன் வாங்குபவர்கள். அவர்கள் மனசு நல்ல மனசுதான். யோசனைதான் கோணல்.

அவர்களுக்கு எதிர்ப்புறம் பேரப்பிள்ளைகள். செல்போனை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அதில் ஓர் அமெரிக்கர் கயிறு இல்லாமல், துணை இல்லாமல், செங்குத்தான பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார். "தாத்தா, இவருக்குப் பயமே கிடையாது தெரியுமா?" என்பான் பேரன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் கூட்டாளிகளும் ரப்பர் செருப்போடு ஈரப்பாறையில் நிற்பார்கள்.

தடை கேட்கிற தாத்தாவும் வீடியோ பார்க்கிற பேரனும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள். பாறை ஏறுவது என்றால் நெஞ்சுத் துணிச்சல், உயிரைப் பணயம் வைக்கிற ஆட்டம் என்பது இரண்டு பேருடைய எண்ணமும். சுற்றுலா நோட்டீஸ்களும் அதையே சொல்கின்றன. 'சாகச விளையாட்டு' என்று தலைப்புப் போட்டு, கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஜிப்லைனுக்குப் பக்கத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன். பாறை ஏறுவது ஒரு வித்தை. நீச்சல், சிலம்பம் போல முறையாகக் கற்க வேண்டியது, கற்றுக்கொடுக்க வேண்டியது. கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்து செத்தது என்பதற்காக நம் அப்பாக்கள் நீச்சலைத் தடை செய்தார்களா? இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அதே கிணற்றில் இறக்கிவிட்டார்கள். நாமெல்லாம் அப்படித்தானே கற்றோம்?

பேரன் காட்டும் அந்த ஆளையே எடுத்துக்கொள்வோம். பெயர் அலெக்ஸ் ஹொன்னால்ட். 2017 ஜூன் 3ஆம் தேதி, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 'எல் கேப்பிடன்' என்ற சுமார் மூவாயிரம் அடி உயரப் பாறையில், கயிறு இல்லாமல், நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். அதைப் படமாக்கிய ஆவணப்படத்துக்கு 2019இல் ஆஸ்கர் கிடைத்தது. செல்போன் காட்டுவது இவ்வளவுதான். காட்டாத பகுதி பெரியது. பத்துப் பதினோரு வயதில், மெத்தை விரித்த உள்ளரங்கச் சுவரில் ஏறத் தொடங்கியவர் அவர். அந்த ஜூன் மாதக் காலையில் அவர் வயது 31. அதற்குமுன் அதே வழியில் கயிறு கட்டிக்கொண்டு எத்தனையோ முறை ஏறி இறங்கி, எந்தப் பிளவில் எந்த விரல், எந்தத் துருத்தலில் எந்தக் கால் என்று பாடம் பண்ணியிருந்தார். 2016இல் ஒருமுறை கயிறில்லாமல் ஏறத் தொடங்கி, இன்றைக்குச் சரிப்படவில்லை என்று பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். படக்குழு கேமராவோடு காத்திருந்த நாள் அது. அத்தனை பேர் முன்னால் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நம் பையன்களால் ரெண்டு கூட்டாளி முன்னால்கூட அதைச் சொல்ல முடியாது.

இன்னொரு தகவல் நம் வயதுக்காரர்களுக்காக. ஹொன்னால்டின் அம்மா டியர்ட்ரி வொலோனிக், மொழி கற்பிக்கும் பேராசிரியை. அறுபதை நெருங்கும்போதுதான் பாறை ஏறக் கற்றார். அதே 2017இல், மகனோடு, ஒழுங்காகக் கயிறு கட்டிக்கொண்டு, எல் கேப்பிடன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 66. மூட்டுவலி என்று மாத்திரை டப்பாவைத் திறக்கும் நேரத்தில் நான் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வது உண்டு. நினைப்பதோடு சரி.

கயிறில்லாமல் ஏறியவர்கள் எல்லாரும் ஹொன்னால்ட் போலத் தப்பிவிடவில்லை. ஆஸ்திரியாவின் பால் பிராய்ஸ், செயற்கைக் கருவிகளே கூடாது என்று கொள்கை வகுத்தவர், 1913இல் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார். வயது 27. அமெரிக்காவின் ஜான் பக்கார், ஒரு தலைமுறையே அண்ணாந்து பார்த்தவர், 2009இல் தனியாக ஏறும்போது விழுந்து போனார். வயது 52. இந்தக் கதைகளையும் பேரனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றைச் சொல்லிவிட்டு "அதனால நீ போகாதே" என்று முடிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தவறுகிறோம். இந்த விளையாட்டை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் பலரும் ஆபத்தைக் குறைக்க வழி கண்டவர்கள், ஏறும் முறையை ஒழுங்குபடுத்தியவர்கள்.

அதில் எனக்குப் பிடித்த இரண்டு பேரும் கணக்கு வாத்தியார்கள்! பள்ளியில் என் விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கிக்கொண்டதெல்லாம் கணக்கு வாத்தியார்கள்தான் என்பதால், இதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஒருவர் அமெரிக்காவின் ஜான் கில், கணிதப் பேராசிரியர். கல்லூரிக் காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். 1950களில், பெரிய மலைகளை விட்டுவிட்டு, ஆள் உயரம் ரெண்டு ஆள் உயரம் உள்ள உருண்டைப் பாறைகளில் ஏறுவதையே ஒரு தனிக்கலையாக வளர்த்தார். ஜிம்னாஸ்டிக்காரர்கள் கையில் தடவும் வெள்ளைப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இன்று 'போல்டரிங்' என்று உலகம் முழுக்க நடப்பதற்கு அவரைத் தந்தை என்கிறார்கள். அதற்குக் கயிறுகூட வேண்டாம். கீழே தடித்த மெத்தையும், விழும்போது தாங்கித் திருப்பிவிட ஒரு கூட்டாளியும் போதும். ஏலகிரியில் வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் கிடக்கும் உருண்டைப் பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வரும்.

இன்னொருவர் ஜெர்மனியின் கர்ட் ஆல்பர்ட், கணக்கும் இயற்பியலும் நடத்தியவர். அந்தக் காலத்தில் பாறையில் அடித்த இரும்பு ஆணியைப் பிடித்துத் தொங்கி ஏறினாலும் 'ஏறிவிட்டேன்' என்று கணக்கு எழுதினார்கள். ஆல்பர்ட் 1975இல் ஒரு விதி கொண்டுவந்தார். கயிறும் ஆணியும் விழுந்தால் காப்பாற்ற மட்டுமே. ஏறுவது கையாலும் காலாலும்தான் இருக்க வேண்டும். அப்படி ஏறி முடித்த வழியின் அடிவாரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அந்தச் சிவப்புப் பொட்டுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த விளையாட்டின் அளவுகோல். யோசித்துப் பாருங்கள். கயிறு கட்டிக்கொள்வது கோழைத்தனம் இல்லை, அதுவே விதி என்று ஐம்பது வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. நம் ஊரில் மட்டும் இன்னும் கயிறில்லாதவன்தான் வீரன்.

கயிறு இருந்தால் மட்டும் போதாது, முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். லின் ஹில் என்ற பெண்மணி, ஐந்தடி இரண்டு அங்குலம்தான். எல் கேப்பிடனில் 'மூக்கு' என்று பெயர் பெற்ற வழியில், கருவியைப் பிடித்துத் தொங்காமல் கையாலும் காலாலும் மட்டும் முதன்முதலில் ஏறியவர் அவர்தான், 1993இல். பெரிய பெரிய ஆண்களெல்லாம் முயன்று விட்டுப்போன வழி அது. இதே லின் ஹில் 1989இல் பிரான்சில், சுலபமான ஒரு வழியில் ஏறும்போது, இடுப்பில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டார். உச்சியில் கயிற்றை நம்பிச் சாய்ந்ததும் எழுபது அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளை தடுத்ததால் பிழைத்தார். இந்த ஒரு கதையை வைத்து எட்டாம் வகுப்புக்கு ஒரு மாதம் பாடம் நடத்தலாம் நான். ஏறுவதற்குமுன் உன் முடிச்சை அவன் பார்க்க வேண்டும், அவன் முடிச்சை நீ பார்க்க வேண்டும். வாத்தியார் வேலைக்கு வந்த நாள் முதல் 'ஒழுக்கம், ஒற்றுமை' என்று பிரேயரில் கத்தினோமே, அது இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் ஜவ்வாது மலைக்குப் போய் ஒருநாள் இருந்துவிட்டு வரட்டும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மேலே இருக்கும் ஊர்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர். கபடியிலும் ஓட்டத்திலும் அவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், அவர்கள் கால் என்ன கால் என்பது மரத்திலும் பாறையிலும்தான் தெரியும். தரைக்காரப் பையன் பாறையைக் கண்டதும் கையால் இழுத்து ஏறப் பார்ப்பான். மலைப்பிள்ளை காலை வைத்து எழும்புவான், கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பெரிய பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். செங்குத்துப் பாறையில் மலைத்தேன் எடுக்கும் மக்களிடம் பல இடங்களில் ஒரு வழக்கம் சொல்வார்கள்: மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையில் இருப்பதால் கயிற்றை விடமாட்டான். கயிறு பிடிப்பவன் யார், அவனை ஏன் நம்பலாம் என்ற கேள்வியை, எந்த ஐரோப்பியப் புத்தகமும் வருவதற்குமுன் கேட்டுப் பதிலும் கண்ட மக்கள் இவர்கள்.

அந்தக் கால்களுக்கு நாம் என்ன வேலை கொடுத்தோம்? என்னிடம் படித்த ஒரு பையன், பள்ளித் தண்ணீர்த்தொட்டி மேல் விழுந்த பந்தை, குழாயைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷத்தில் எடுத்து வருவான். இன்று பெங்களூரில் கட்டட வேலை. பன்னிரண்டாவது மாடியில் சாரம் கட்டுகிறான். இடுப்பில் கயிறு உண்டா என்று கேட்டேன். "இன்ஸ்பெக்ஷன் வந்தா கட்டுவோம் சார்" என்றான். இன்னும் சிலருக்குக் கிடைத்தது அதைவிட மோசம். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மலை ஏறத் தெரிந்த பிள்ளைகளுக்கு மலையில் ஒரு பிழைப்பு இருந்திருந்தால் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தனியாக ஒரு தமிழ்ப் பிள்ளை இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜோதிராஜைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் பிறந்தவர். கர்நாடகத்தின் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறி இறங்கி, 'கோத்தி ராஜ்' என்று, அதாவது குரங்கு ராஜா என்று பேர் வாங்கினார். குரங்குகளைப் பார்த்துக் கற்றதாக அவரே சொல்வார். கோட்டைக்கு வரும் கூட்டம் கைதட்டும், செல்போனில் பிடிக்கும். அவர் இன்னொரு வேலையும் செய்கிறார். பள்ளத்தாக்கில் விழுந்தவர்களின் உடலைத் தேடி எடுத்து வருவது. 2018இல் ஜோக் அருவிப் பள்ளத்தில் ஒருவரைத் தேடி இறங்கியவர் தானே காணாமல் போய், மறுநாள்தான் மீட்கப்பட்டார். அவரை நான் மெச்சுகிறேன். ஆனால் அவரைப் போல ஏறு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டேன். அவ்வளவு திறமை உள்ள ஒருவன் சின்ன வயதில் கயிறும் வாத்தியாரும் கிடைக்காமல் குரங்கிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியது நாம்தான்.

இந்தோனேசியாவைப் பாருங்கள். பாறை ஏறும் விளையாட்டு ஒலிம்பிக்கில் முதலில் சேர்ந்தது டோக்கியோவில், 2021இல். அடுத்து 2024 பாரிஸ். அங்கே பதினைந்து மீட்டர் உயரச் சுவரில், அதாவது ஏறத்தாழ ஐம்பது அடியில், 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றவர் வெட்ரிக் லியோனார்டோ என்ற இந்தோனேசியர். பேட்மின்டனைத் தவிர வேறு எந்த விளையாட்டிலும் அந்த நாடு அதற்குமுன் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. இமயமலையும் இல்லை, ஆல்ப்ஸும் இல்லை, நம்மைப் போலப் புழுக்கத்தில் வேகும் நாடு. சுவரைக் கட்டினார்கள், பிள்ளைகளை ஏறவிட்டார்கள். இந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் அந்தச் சுவரில் ஏற இந்தியாவிலிருந்து ஒருவர்கூடத் தகுதி பெறவில்லை.

நமக்குச் சுவர் எங்கே? ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் பெங்களூரு. அங்கே கண்டீரவா மைதானத்தில் இருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைகள் அதில் பழகி, ராமநகரம், பாதாமி என்று பாறை தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் பேர்பெற்ற வீரர் கிறிஸ் ஷர்மா ஹம்பிக்கு வந்து ஏறியதை 2003இல் படமாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாறைகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஏலகிரிக்கும் விடுமுறையில் கயிறு, மெத்தையோடு வெளியூர்க் கோஷ்டிகள் வரத்தான் செய்கின்றன. நம் பிள்ளைகள் அவர்கள் மூட்டையைத் தூக்குகிறார்கள். கயிறு பிடிக்கக் கற்றால் அவர்களே வழிகாட்டிகள் ஆகலாம்.

"ஒருத்தன் விழுந்தா யார் சார் பதில் சொல்றது?" இந்தக் கேள்வியை நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். பழைய ஷெட் ஒன்றின் சுவரில் மரக்கட்டைகளைப் பொருத்தி, கீழே மெத்தை போட்டு, ஆறடி உயரத்துக்குப் பக்கவாட்டில் நகரப் பழக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பதிலாக இந்த ஒரு வரிதான் வந்தது. அதே வருஷம் அதே பள்ளிப் பையன் ஒருவன் புளியமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தடையால் என்ன ஆகும் என்பதற்குக் கையிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்தபோது, மலையேற்றமே வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். நியாயமான கோபம். பிறகு விதிமுறைகள் வந்தன. 2024இல் தமிழக அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, மலைக்கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகப் போட்டது. காட்டில் நடக்கச் செய்ததைப் பாறைக்கும் செய்ய முடியாதா? காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அருவிப் பாறை, ஈரப்பாறை, பாசிப்பாறை, அங்கே வேலி போடுங்கள், நானே வந்து கம்பி பிடிக்கிறேன். காய்ந்த, உறுதியான நாலு பாறையை அடையாளம் கண்டு, பயிற்சி பெற்ற ஆளை நிறுத்தி, மற்றபடி பிள்ளைகளை விடுங்கள் என்கிறேன்.

பாறையின் மேல் நமக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை. இவோன் ஷுனார் என்ற அமெரிக்கர், கொல்லுப்பட்டறை வைத்துப் பாறையில் அடிக்கும் இரும்பு ஆணி செய்து விற்றவர். யோசெமிட்டியில் அடித்து அடித்துப் பிளவுகள் சிதைந்துபோனதைப் பார்த்தார். 1972இல், தன் சொந்தச் சரக்குப் பட்டியலிலேயே, இனி ஆணி அடிக்காதீர்கள், பிளவில் சொருகி எடுத்துக்கொள்ளும் கட்டைகளைப் பயன்படுத்துங்கள் என்று பிரசாரம் செய்தார். அவர் வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த ஆணிதான். நாமோ ஏலகிரி மலைப்பாதையில், வள்ளல்கள் பேரும் புலவர்கள் பேரும் வைத்த கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போகும்போது, பாறை பாறையாகக் கட்சிக்கொடியும், இனிஷியலும், அம்பு துளைத்த இதயமும் எழுதி வைத்திருக்கிறோம். பாறையைத் தொட்டு ஏறிப் பழகிய பிள்ளை அதன் மேல் பெயின்ட் டப்பாவைக் கவிழ்க்கமாட்டான். என் அனுபவத்தில், தான் விளையாடும் மைதானத்தில் குப்பை போடுகிற பையனை நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வருபவன்தான் போடுவான்.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். மனுவில் மூன்று கோரிக்கை. மாவட்டத் தலைநகரில் ஒரு ஏறுசுவர், பதினைந்து மீட்டருக்குப் பணம் இல்லையென்றால் நாலு மீட்டரில் மெத்தையோடு ஒரு போல்டரிங் சுவராவது. ஜவ்வாது மலையிலிருந்து இருபது இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து முறையான பயிற்சிக்கு அனுப்பித் திரும்பி வந்ததும் வேலை. மலைப் பிள்ளைகள் படிக்கும் விடுதிகளில் வாரம் ஒரு மணி நேரம், கயிறும் முடிச்சும். தடை கேட்டு மனு கொடுக்கப்போவதாகச் சொன்ன நண்பர்களும் அன்று வருகிறார்கள் என்று கேள்வி. ரெண்டு மனுவும் ஒரே நாளில் போவது நல்லதுதான். என் மனுவில் கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். பேனா நான் கொண்டு வருகிறேன்.